ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு மூன்று குடம் கழிவு

வீட்டு ஆர்.ஓ. இயந்திரத்தில் நடப்பது, மாவடு ஜாடியில் நடப்பதற்கு நேர் எதிரானது. உப்பில் போட்ட மாவடு சில நாளில் சுருங்கித் தண்ணீர் விடும்; காயினுள் இருக்கும் நீர், உப்பு மிகுந்த பக்கத்தைத் தேடிப் போவதுதான் காரணம். இதற்குச் சவ்வூடு பரவல் என்று பெயர். ஆர்.ஓ. இந்த ஓட்டத்தைத் திருப்பிவிடுகிறது. உப்பு நீரை மோட்டார் அழுத்திச் சவ்வுக்குள் தள்ள, நீர் மறுபக்கம் போகிறது; உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே தங்கிவிடுகிறது. இதற்கு ஏற்ற சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும் சீனிவாச சௌரிராஜனும் உருவாக்கினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது கடல்நீர். மீஞ்சூர், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகளும் சமையலறைச் சுவரில் மாட்டிய பெட்டியும் ஒரே தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

தங்கிய உப்பு சவ்வின்மேல் படிந்தால் துளைகள் அடைத்துக்கொள்ளும். அதனால் சவ்வை அலசியபடியே ஒரு பங்கு நீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு இயந்திரங்கள் பலவற்றில் 1 லிட்டர் நல்ல நீர் கிடைக்க 3 லிட்டர் வரை இப்படிப் போகிறது. நாளொன்றுக்கு 20 லிட்டர் எடுக்கும் குடும்பம் 60 லிட்டர் வரை வெளியே விடுகிறது. ஆண்டுக்கு 21,900 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் ஏறக்குறைய இரண்டு லோடு. கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்னக் கணக்கல்ல.

இந்தச் செலவு தேவையா என்பதை முடிவு செய்வது வீட்டுக்கு வரும் தண்ணீர்தான். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, நீரில் கரைந்த உப்புகளின் மொத்த அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. ஃபுளோரைடுக்கு விரும்பத்தக்க அளவு 1 மில்லிகிராம், உச்சம் 1.5. கடற்கரையோர உவர்ப்பு போர்வெல்லுக்கும் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கும் ஆர்.ஓ. பொருத்தமான கருவி. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களிலும் எலும்புகளிலும் தெரிந்த ஃபுளோரைடு பாதிப்புக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

ஆறு, ஏரி நீரைச் சுத்திகரித்துக் குழாயில் அனுப்பும் இடங்களில் உப்பு பெரும்பாலும் குறைவு. அங்கே கவலைப்பட வேண்டியது கிருமி. அதற்குக் காய்ச்சி ஆறவைத்த நீரோ புற ஊதா விளக்கு வைத்த வடிகட்டியோ போதும், தண்ணீரும் வீணாகாது. டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ. பயன்பாட்டைத் தடை செய்ய வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அரசுக்கு உத்தரவிட்டது. உப்பு குறைந்த நீரை ஆர்.ஓ.வில் விட்டால் கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே போய்விடும்.

விற்பனையில் நடக்கும் வித்தை தனி. வாசலில் வந்து நிற்பவர் இரண்டு டம்ளரில் மின்கம்பிகளை இறக்குகிறார். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிறது, ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே இருக்கிறது. பழுப்பு வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, கம்பியின் இரும்பிலிருந்து. உப்புள்ள நீரில் மின்சாரம் பாய்வதால் இரும்பு கரைகிறது. உப்பில்லாத நீரில் பாய்வதில்லை, அவ்வளவுதான். ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு அதே சோதனையைச் செய்யச் சொன்னால் குட்டு வெளிப்படும். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்தலை மட்டுமே அளக்கிறது. காலரா கிருமி மிதக்கும் நீருக்கும் அது நல்ல எண் காட்டக்கூடும்.

வாங்கிய பிறகும் சில அபாயங்கள் உண்டு. குளோரின் சவ்வைக் கெடுக்கும் என்பதால் முன்னால் உள்ள கார்பன் வடிகட்டி அதை எடுத்துவிடுகிறது. எனவே தொட்டியில் நாள்கணக்கில் தேங்கும் நீருக்குக் கிருமியிலிருந்து காவல் இல்லை. சுவைக்காக டி.டி.எஸ். கன்ட்ரோலரைத் திறந்தால் சவ்வைத் தாண்டாத நீர் கலக்கிறது. ஃபுளோரைடு உள்ள ஊரில் அதுவும் கூடவே திரும்பி வரும்.

ஆகவே முதல் செலவு பரிசோதனைக்கு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் செலுத்தி நீரைச் சோதிக்கலாம். குழாய் நீரே மோசமென்றால் அறிக்கையோடு உள்ளாட்சி அமைப்பில் எழுத்தில் புகார் தருவது முறை. மாசற்ற நீர், அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் குமார் வழக்கில் 1991-லேயே கூறிவிட்டது.

பொய் சொல்லி விற்றாலும், ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கு (ஏ.எம்.சி.) பணம் வாங்கிக்கொண்டு சர்வீஸுக்கு வராவிட்டாலும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைக்கலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக்கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, குறை எழுந்த இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பில், வாரண்டி அட்டை, சர்வீஸ் ரசீது, வாட்ஸ்அப்பில் தந்த வாக்குறுதி எல்லாம் சாட்சியம். ரசீது தராமல் ஃபில்டர் மாற்றிவிட்டுப் போக விடக்கூடாது.

ஆர்.ஓ. தவிர்க்க முடியாத வீட்டில் வெளியேறும் நீரை வாளியில் பிடித்துத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் பயன்படுத்தலாம். தொட்டிச் செடிக்குத் தினமும் ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறி வேர் கருகும். ஃபுளோரைடு உள்ள ஊர்களில் இந்த நீரை மாட்டுக்கும் குடிக்கக் கொடுக்கக்கூடாது.