தண்ணீருக்குள் லொறியை விடுமுன்...

மாரி தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத் தீவகத்துக்குச் சரக்கு ஏற்றும் எம் போன்றவர்களுக்கு நெஞ்சில் ஒரு படபடப்பு இருக்கவே செய்யும். பண்ணைப் பாலத்தில் ஏறினால் இரு பக்கமும் கடல். வேலணை, புங்குடுதீவு ஊடாகக் குறிகட்டுவான் இறங்குதுறை வரை வீதி உண்டு. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகுதான். படகைத் தவறவிட்டால் அன்றைய வியாபாரம் போயிற்று. இந்த அவசரம்தான் என்னையும் ஒருநாள் தண்ணீருக்குள் இறக்கியது.

2020 டிசம்பரில் புரெவிச் சூறாவளி கடந்து சில நாட்கள் சென்றிருந்தன. நெடுந்தீவுக் கடைக்காரர் ஒருவர் மாவும் சீனியும் முடிந்துவிட்டதென்று தொலைபேசியில் சொல்லிக்கொண்டே இருந்தார். விடியற்காலை லொறியை எடுத்தேன். வேலணை தாண்டித் தாழ்வான ஓரிடத்தில் வீதியை மூடித் தண்ணீர் நின்றது. சைக்கிளோடு நின்ற முதியவர் ஒருவர், "தம்பி, உதுக்குள்ள விடாதேங்கோ. கொஞ்சம் வத்தட்டும்" என்றார். நான் கேட்கவில்லை. வேகமாக விட்டால் பாய்ந்துவிடலாம் என்று நினைத்தேன். நடுவில் தண்ணீர் எழும்பி முன்பக்கத்தை மூடியது, எஞ்சின் நின்றது.

அதற்குப் பிறகு நான் செய்த பிழைதான் பெரியது. சாவியைத் திருப்பித் திருப்பி ஸ்டார்ட் செய்தேன். கராஜில் எஞ்சினைத் திறந்த பாஸ், வளைந்துபோன கனெக்டிங் ரொட்டைக் காட்டி, "நானா, எஞ்சின் காத்தத்தான் நசுக்கும், தண்ணிய நசுக்காது" என்றார். லொறி மூன்று வாரம் கராஜில் கிடந்தது. அடியில் இருந்த சீனி மூட்டைகள் கரைந்தன. கடைக்காரர் வேறிடத்தில் சரக்கு எடுத்துக்கொண்டார். நான் மிச்சம் பிடிக்க நினைத்ததோ அரை மணித்தியாலம்!

எனக்குப் பணம்தான் போனது. 2024 நவம்பர் 26 இல் அம்பாறை மாவட்டம், காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் நடந்ததை நாம் மறக்க முடியாது. நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துச் சென்றது. சின்னஞ்சிறு பிள்ளைகளின் ஜனாஸாக்களைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது என்ற நம்பிக்கை ஓடும் வெள்ளத்தின் முன் நிற்காது. அரை அடித் தண்ணீரே காரின் கட்டுப்பாட்டைக் குலைக்கக்கூடும். ஒரு அடியில் பல கார்கள் மிதக்கும். இரண்டு அடி ஓடும் நீர் பிக்கப் வாகனத்தையும் தள்ளிவிடும்.

ஆகவே வியாபாரச் சகோதரர்களே, சில விடயங்களைக் கடைப்பிடியுங்கள்.

தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுங்கள். நின்றால் ஆழம் பாருங்கள். வீதியோரம் தெரியாவிட்டால் இறங்கவே வேண்டாம். தீவகத்து வீதிகளில் பல இடங்களில் ஓரத்துக்கு அப்பால் கடல் அல்லது சேறு. ஆழம் குறைவென்று நிச்சயமானால், முன்னால் செல்லும் வாகனம் கரையேறும்வரை பொறுத்து, முதலாம் கியரில், ஒரே சீராக, நடுவீதியால் செல்லுங்கள். இடையில் கியர் மாற்றாதீர்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தள்ளியோ இழுத்தோ வெளியே எடுத்துப் பாஸைக் கூப்பிடுங்கள்.

கரையேறியதும் மெதுவாகச் சென்றபடி பிரேக்கை இலேசாகப் பலமுறை அழுத்துங்கள். நனைந்த பிரேக் பிடிக்காது. எஞ்சின் ஒயில் பால்கலந்த தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, வண்டியை ஓட்டாதீர்கள். கடல்நீர் பட்டிருந்தால் அன்றே நல்ல தண்ணீரால் அடிப்பகுதி முழுவதையும் கழுவ வேண்டும். தீவுகளில் நன்னீர் அருமையானது என்பதால் யாழ்ப்பாணம் திரும்பியவுடன் செய்யுங்கள். உப்பு தங்கிவிட்டால் பிரேக் குழாயையும் வயர்களையும் மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

சேற்றில் சில்லு சுழன்றால் அக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். மிதிக்க மிதிக்கப் புதையும். சேற்றைத் தோண்டி, சில்லுக்கு முன்னால் வெற்றுச் சாக்கோ பலகையோ போட்டு மெதுவாக எடுங்கள். நீண்ட வெயிலின் பின் பெய்யும் முதல் மழையில், தார் வீதியில் படிந்த ஒயிலும் தூசும் சேர்ந்து சவர்க்காரம்போல் வழுக்கும். முன்வாகனத்துக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். தேய்ந்த டயரோடு மாரிக்கு இறங்குவது முதலைச் சூதாட்டத்தில் வைப்பதற்குச் சமம்.

உங்கள் வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்குமா என்பதையும் இன்றே கேட்டுப் பாருங்கள். பலர் நஷ்டம் வந்த பிறகுதான் பொலிசியை வாசிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவசரத்தின் வேரை வெட்ட வேண்டும். இப்போது ஒக்டோபர் பிறக்குமுன்பே என் தீவகத்து வாடிக்கையாளர்களிடம் பேசி, ஒரு வாரச் சரக்கைக் கூடுதலாக இறக்கிவிடுகிறேன். பணத்தைக் கொஞ்சம் தாமதித்துத் தருகிறார்கள். அது எனக்குப் பாரமில்லை. மாரியில் வீதியை மூடித் தண்ணீர் நின்றால், லொறியை ஓரமாக நிறுத்தி ஒரு பிளேன்டீ குடிக்கிறேன். மறுகரையில் யாரும் வெறுங்கடையோடு எனக்காகக் காத்திருக்கவில்லை என்ற நிம்மதி இருக்கிறது.