அம்மா போனில் பிள்ளைக்கு என்ன வயது?

மூன்றாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்கு யூடியூப்பில் 38 வயது. போன் அம்மாவுடையது, ஜிமெயில் அம்மாவுடையது, அதில் உள்ள பிறந்த தேதியும் அம்மாவுடையதுதான். பிள்ளை என்ன பார்த்தாலும், பார்ப்பது ஒரு 38 வயதுப் பெண்மணி என்று யூடியூப் கணக்கு வைத்துக்கொள்கிறது. அதனால்தான் சோட்டா பீம் முடிந்த கையோடு சீரியல் புரோமோ வருகிறது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘நடுரோட்டில் நடந்த பயங்கரம்’ வகையறா வீடியோவும் வருகிறது.

குழந்தைகளின் இணையப் பாதுகாப்பைப் பற்றி வரும் அறிவுரைகளில் பாதி, பிள்ளைக்குத் தனி டேப்லெட் இருக்கும் வீடுகளுக்கானவை. நம்மில் பலர் வீட்டில் ஒரே போன்தான் கைமாறிக்கொண்டிருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கவும் வழியில்லை. ஹோம்வொர்க்கே வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில்தானே வருகிறது!

வயது விஷயம் ஏன் முக்கியம் என்றால், பெரிய நிறுவனங்கள் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் பாதுகாப்பு ஏறக்குறைய முழுவதும் அந்தப் பிறந்த தேதியை நம்பித்தான் இருக்கிறது. இன்ஸ்டாகிராம் 2025-இல் இந்தியாவில் ‘டீன் அக்கவுண்ட்’ கொண்டுவந்தது. 18 வயதுக்குள் இருப்பவர்களின் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் அடங்கிவிடும். 16 வயதுக்குள் இருந்தால் இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பையன் பிறந்த ஆண்டு 2000 என்று தட்டிவிட்டால் இதில் எதுவும் அவனுக்குக் கிடைக்காமல் போகலாம். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிறையாத எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது; பெற்றோர் சம்மதம் கேட்கச் சொல்கிறது, பிள்ளைகளைக் குறிவைத்து விளம்பரம் காட்டக் கூடாது என்கிறது. கணக்கில் அம்மாவின் வயது இருந்தால் அந்தச் சட்டம் யாரைக் காப்பாற்றும்?

ஆகவே சின்னப் பிள்ளைக்கு யூடியூப் கிட்ஸ் போட்டுக் கொடுங்கள். அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்கள், சேனல்கள் மட்டுமே தெரியும்படி வைக்க வழி இருக்கிறது. உட்கார்ந்து பொறுக்க அரை மணி நேரம் ஆகலாம், செய்துவிட்டால் பிறகு நிம்மதி. ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். ஒரு வீடியோ முடிந்து திரை நின்றால்தான் ‘போதும், கொடு’ என்று சொல்ல இடம் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டு போனில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி, ‘ஆப் பின்னிங்’. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பகுதியில் தேடினால் கிடைக்கும். இடம் போனுக்குப் போன் மாறும். பிள்ளை பார்க்கும் ஆப்பைப் பின் செய்துவிட்டால் அதிலிருந்து வாட்ஸ்ஆப்புக்கோ கேலரிக்கோ தாவ முடியாது. விடுவிக்கும்போது பாஸ்வேர்டு கேட்கும்படியும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நொடியில் பிள்ளையே கழற்றிவிடும். ஐபோனில் இதே வேலையை ‘கைடட் ஆக்சஸ்’ செய்கிறது.

பணம். யுபிஐ பின் உங்களுக்கு மட்டும்தான் தெரியும் என்ற தைரியத்தில் இருக்காதீர்கள். கடையில் நீங்கள் தட்டும்போது பக்கத்தில் நிற்பது அந்தப் பிள்ளைதான். போதாததற்கு யுபிஐ லைட் சிறு தொகைகளுக்குப் பின் எண்ணையே கேட்பதில்லை. பிள்ளை கையில் போகும் போனில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றிவிடுங்கள்.

கொஞ்சம் வளர்ந்து தனி போன் வாங்கும்போது, உண்மையான பிறந்த தேதியோடு ஜிமெயில் தொடங்கி, கூகுளின் ஃபேமிலி லிங்க்கில் இணைக்கலாம். எந்த ஆப் இறங்க வேண்டும், எத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை உங்கள் போனிலிருந்தே முடிவு செய்யலாம். பிள்ளையின் மெசேஜ்களை அது உங்களுக்குக் காட்டாது. காட்ட வேண்டியதும் இல்லை என்பேன். திருட்டுத்தனமாகப் படித்தது ஒருநாள் தெரிந்துவிட்டால், அடுத்து இன்னொரு கணக்கு ரகசியமாகத் தொடங்கப்படும்.

இரவில் எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜ் ஆகட்டும். அப்பாவுடையதும்தான். தான் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே ‘போனை வை’ என்று அதட்டும் அப்பாவை எந்தப் பிள்ளையும் மதிக்காது. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்பது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. சோறு ஊட்டும்போது போன் காட்டும் பழக்கத்தை முதலில் விட்டால் இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகிவிடும்.

இவையெல்லாம் செட்டிங்ஸில் முடிகிற வேலை. செட்டிங்ஸில் முடியாதது, கேமில் வரும் ‘ஃப்ரெண்ட்’. முதலில் கூட விளையாடுவான். பிறகு டைமண்டோ ஸ்கின்னோ வாங்கித் தருவான். பிறகு, ‘இங்கே பேச வேண்டாம், டெலிகிராமுக்கு வா’ என்பான். அதற்கும் பிறகு, ‘வீட்டில் சொல்லாதே’. கேமை விட்டு வேறு இடத்துக்கு யாராவது கூப்பிட்டாலோ, எதையாவது மறைக்கச் சொன்னாலோ உடனே வந்து சொல்ல வேண்டும் என்பதை மட்டும் பிள்ளை மனதில் பதிய வையுங்கள். நூறு எச்சரிக்கை அடுக்கினால் ஒன்றும் நிற்காது.

பெண் பிள்ளைக்குத்தான் ஆபத்து, பையன் என்றால் பரவாயில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பணம் பறிக்கும் கும்பல்கள் விரும்பித் தேடுவதே பதின்வயதுப் பையன்களைத்தான். பெண் பெயரில் ஒரு கணக்கு, இனிக்க இனிக்கப் பேச்சு, ஒரு படம், பத்தே நிமிடத்தில் ‘பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் ஃபாலோயர் எல்லோருக்கும் அனுப்புவேன்’ என்ற மிரட்டல். அந்த நேரத்தில் பிள்ளை அவனுக்குப் பயப்படுகிற அளவுக்கு நமக்கும் பயப்படுகிறது. அடி விழும், போனைப் பிடுங்கிவிடுவார்கள், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று வாய் திறக்காமல் இருக்கும். மிரட்டுபவன் நம்பி இறங்குவதே இதைத்தான். ‘என்ன நடந்திருந்தாலும் சொல்லு, அதற்காகப் போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று இன்றைக்கே, ஒன்றும் நடக்காத ஒரு நாளில், சொல்லி வைத்துவிடுங்கள். சொன்ன பிறகு வாக்கு மாறாதீர்கள்.

அப்படி ஒன்று நடந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிடவும் வேண்டாம். அவனுடைய கணக்கின் பெயர், எண், யுபிஐ ஐடி, மிரட்டல் மெசேஜ் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு பிளாக் செய்யுங்கள். பிள்ளையின் படத்தை மட்டும் ‘ஆதாரம்’ என்று சொல்லிக்கொண்டு சொந்தக்காரர் யாருக்கும் ஃபார்வர்டு செய்யக் கூடாது. பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதி இருக்கிறது. படம் பரவுவதைத் தடுக்க, அமெரிக்காவில் காணாமல் போன குழந்தைகளுக்கான மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து எடுத்த ஒரு குறியீட்டெண் மட்டுமே போகும். அதைக் கொண்டு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன.

ஊருக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பல வீடுகளில் புகாரைத் தடுக்கிறது. பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்று 2012-இன் போக்சோ சட்டம் தடுத்திருக்கிறது. காவல் நிலையத்துக்குப் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 1098-இல் பேசிப் பாருங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. கட்டணம் இல்லை, நள்ளிரவிலும் எடுப்பார்கள். யாரையும் கேட்காமல் பிள்ளையே நேராகக் கூப்பிடலாம்.