பாடப்பொருளுக்கு ஒரு பொதுக் கிடங்கு

சமணர்கள் போற்றும் நான்கு தானங்களில் ஒன்று சாத்திர தானம். ஏட்டைப் படியெடுத்துப் பிறர் கையில் கொடுப்பது அது. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும், பலரிடம் இருந்த படிகளை ஒப்புநோக்கித்தான். ஒரே வீட்டுப் பரணில் ஒரே ஏடாகக் கிடந்திருந்தால் செல்லுக்கே போயிருக்கும்.

இன்று வெளிமாநிலங்களில் நம் சங்கங்கள் நடத்தும் தமிழ் வகுப்புகளை எண்ணிப் பாருங்கள். ஆசிரியை இரவு கண்விழித்துப் படமும் பயிற்சியும் ஒலிப்பதிவும் தயாரிக்கிறார். குடும்பத்துக்கு ஊர் மாற்றல் வந்தால் எல்லாம் அவரோடு போய்விடுகிறது. அடுத்து வருபவர் மறுபடி அகரத்திலிருந்து ஆரம்பிக்கிறார். இந்த இடைவெளியில் தமிழை விட்டுவிடும் பிள்ளை திரும்பி வருவது அபூர்வம்.

நூல்களைப் பொதுவில் வைக்க 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பள்ளிப் பாடப்பொருளுக்கு மத்திய அரசு 2017இல் தீக்ஷா தளத்தைத் திறந்தது. ஆனால் நம்ம பிள்ளைகளின் தேவை ஊருக்கு ஊர் வேறு. மராத்தியில் ளகரம் உண்டு. பொது இந்தியில் இல்லை. புனேப் பிள்ளைக்கு ழகரம் ஒன்றே புதிது. தில்லிப் பிள்ளைக்கு ளகரத்திலிருந்தே தொடங்கணும். ஆகவே புனேயில் செய்த பாடத்தைத் தில்லியில் திருத்திக்கொள்ள முடிய வேண்டும்.

அதற்கு நாலு காரியம் செய்தால் போதும். கடைக்காரன் பாஷையிலேயே சொல்கிறேன்.

ஒன்று, சில்லறையாகக் கட்டுங்கள். முழுப் புத்தகம் வேண்டாம். ஒரு பொட்டலத்தில் ஓர் எழுத்து, ஒரு கதை.

இரண்டு, சீட்டு ஒட்டுங்கள். என்ன பாடம், எந்த வயதுக்கு, யார் செய்தது என்று எழுதாத சரக்கு, கிடங்கில் இருந்தும் இல்லாததே.

மூன்று, திருத்தக்கூடிய கோப்பாக, ஒருங்குறியில் கொடுங்கள். பழைய எழுத்துருவில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கிறுக்கலாகத்தான் தெரியும்.

நான்கு, அனுமதியை எழுதியே வையுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் உள்ளன. அவற்றில் ஒன்று சொல்வது இதுதான்: பெயரைச் சொல்லி எடுத்துக்கொள், மாற்றிக்கொள், மாற்றியதையும் இதே நிபந்தனையில் கொடு. சினிமாப் பாட்டும் பிறர் புத்தகப் படமும் நம் சரக்கல்ல. உரியவர் அனுமதியில்லாமல் சேர்க்கக் கூடாது.

கணக்குப்பிள்ளை இல்லாத கிடங்கு குப்பையாகும். பிழை பார்க்கவும், திருத்தி வந்ததைச் சேர்க்கவும் சங்கத்துக்கு ஒருவரையாவது நியமியுங்கள். இரண்டு ஊர்களில் படி இருக்கட்டும். இந்த ஆண்டு ஒவ்வொரு சங்கமும் பத்தே பாடம் கொடுத்தாலும் போதும். கொடுத்ததால் சாத்திரம் குறைந்ததில்லை.