பேதி வியாதியும் குடிஜலமும்

கோடை முடிந்து முதல் மழை விழும் சமயத்தில் கிராமங்களில் வயிற்றுப்போக்கு தலைகாட்டுவது நெடுநாளைய வழக்கம். இதனை ஜனங்கள் உஷ்ணம் என்றும், அஜீரணம் என்றும், திருஷ்டி என்றும் பலவாறாகக் கூறுவர். உண்மையில் பெரும்பாலான பேதிகளுக்குக் காரணம் ஒன்றே: ஒருவர் கழித்த மலத்திலுள்ள கிருமிகள் ஏதோ ஒரு வழியாக மற்றொருவர் வாய்க்குள் சென்றுவிடுகின்றன. கேட்பதற்கு அருவருப்பாயிருப்பினும், இதனை மறைத்துச் சொல்வதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

காரைக்குடிக்கு அருகிலுள்ள அமராவதிபுதூரும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டுக் கிராமங்களும் ஜீவநதி பாயாத பூமியில் அமைந்தவை. மழை ஜலத்தை ஊருணியில் தேக்கி அதையே பருகி வாழ்ந்த சீமை இது. குடிப்பதற்கென்று ஓர் ஊருணியும், குளிப்பதற்கும் மாடு கழுவுவதற்கும் வேறு குளமும் ஒதுக்கிவைத்த முன்னோர் ஏற்பாடு மிகவும் சிலாக்கியமானது. ஆனால் ஊருணிக்கு வரும் வரத்துக்கால் எந்த நிலத்தின் வழியே ஓடி வருகிறது என்பதில்தான் அபாயம் இருக்கிறது. ஜனங்கள் வெளிக்குப் போகும் பொட்டலைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழை, அங்குள்ள கிருமிகளையும் உடன் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. கலங்கிய ஜலத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துத் தெளியவைக்கும் வழக்கம் நல்லதே. எனினும் அதனால் மண் அடியில் படியுமேயன்றி, கிருமிகள் முற்றும் ஒழியமாட்டா. தெளிந்த ஜலம் வேறு, சுத்தமான ஜலம் வேறு.

குழாய் ஜலம் வந்துவிட்டபடியால் இந்த அபாயம் நீங்கிவிட்டதென்று எண்ணுவதும் தவறு. சாக்கடையை ஒட்டிச் செல்லும் குழாயில் சிறு வெடிப்பு இருந்தாலும், ஜலம் நின்றுபோகும் வேளையில் குழாய் வெளியிலுள்ள அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். 2022-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் காரைக்காலில் வாந்திபேதி பரவியபோது, அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை பிரகடனம் செய்ய நேர்ந்தது. குடிநீரில் சாக்கடை நீர் கலந்ததே அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. கிருமிகளும் மாறிக்கொண்டே வருகின்றன. 1992-ஆம் வருஷத்தின் பிற்பகுதியில், அதுவரை எங்கும் அறியப்படாத ஒரு புது வகை வாந்திபேதிக் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டது சென்னை இராஜதானியாயிருந்த இந்தத் தமிழ்நாட்டிலேதான். ஓ-139 என்று பெயரிடப்பட்ட அது, அடுத்த வருஷத்திற்குள் வங்காளம் வரை பரவிவிட்டது.

பேதியின் தோற்றத்தைக் கொண்டு அதன் காரணத்தை ஒருவாறு ஊகிக்கலாம். அரிசி கழுவிய நீரைப்போல் வெளுத்து, வயிற்றுவலி அதிகமின்றி, குடங்குடமாகப் போவது வாந்திபேதி, அதாவது காலரா. மலத்துடன் இரத்தமும் சளியும் கலந்து, அடிவயிற்றைப் பிசைந்துகொண்டு அடிக்கடி சிறிது சிறிதாகப் போவது சீதபேதி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதலில் வாந்தியும் காய்ச்சலும் கண்டு, பின்பு தண்ணீராகப் போகுமாயின் அது பெரும்பாலும் ரோட்டா என்னும் நுண்கிருமியால் ஏற்படுவது. இதற்கு இப்போது தடுப்பு மருந்து உண்டு. தமிழ்நாட்டில் 2017-ஆம் வருஷம் முதல் குழந்தைகளுக்கு இது வாய்வழியாக இலவசமாய்க் கொடுக்கப்பட்டு வருகிறது. கலியாண விருந்துண்ட பலருக்குச் சில மணி நேரத்திற்குள் ஒருமிக்க வாந்தி கண்டால், சமைத்து நெடுநேரம் வைத்திருந்த பதார்த்தம் கெட்டதே காரணம் என்று கொள்ளலாம்.

காரணம் எதுவாயினும் நோயாளியைக் கொல்வது பெரும்பாலும் கிருமி அன்று. உடம்பிலுள்ள ஜலமும் உப்பும் வெளியேறிவிடுவதே. கடும் வாந்திபேதியில் வாலிப வயதுடைய திடகாத்திரமான மனிதனும் சில மணி நேரத்தில் வற்றி மாண்டுபோவதுண்டு. குழந்தைகளின் உடம்பில் சேமிப்பு மிகக் குறைவாகையால் அவர்களுக்கு அபாயம் இன்னும் சீக்கிரத்தில் நேருகிறது. இப்படியிருக்க, "தண்ணீர் கொடுத்தால் இன்னும் அதிகமாய்ப் போகும்" என்று சொல்லி, தாகத்தால் தவிக்கும் குழந்தைக்கு ஜலத்தையும் தாய்ப்பாலையும் நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருந்துவருகிறது. இதைவிடக் கொடிய அறியாமை வேறில்லை. ஓட்டைக் குடத்தில் ஜலம் ஒழுகுகிறதென்று ஜலம் ஊற்றுவதை நிறுத்தினால் குடம் காலியாகுமேயன்றி ஓட்டை அடைபடாது.

வெறும் ஜலத்தை மட்டும் கொடுத்தாலும் போதாது. உப்பும் சிறிது சர்க்கரையும் சேர வேண்டும். சர்க்கரை எதற்கு என்று கேட்கலாம். பேதி கண்ட குடலில் உப்பு தானாக உட்செல்லும் வழிகள் பழுதுபட்டாலும், சர்க்கரையும் உப்பும் சேர்ந்து செல்லும் ஒரு வாசல் மட்டும் திறந்தே இருக்கிறது. அவை உட்சென்றால் ஜலமும் பின்தொடர்ந்து செல்லும். 1971-ஆம் வருஷத்தில் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளிடையே, பனகான் முகாமில் வாந்திபேதி பரவிற்று. இரத்தக்குழாய் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோகவே, டாக்டர் திலீப் மகலானபிஸ் என்பவர் உப்பு, சோடா உப்பு, குளுக்கோஸ் ஆகியவற்றை ஜலத்தில் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்டுகொண்டிருந்த இடத்தில் மரணம் 3 அல்லது 4 பேராகக் குறைந்தது. வைத்தியம் படிக்காத தாய்மாரும் சகோதரரும் செய்த சிகிச்சை இது என்பதைச் சங்கத்து அங்கத்தினர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும்.

இந்தக் கலவையே இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாக ஆரம்ப சுகாதார நிலையங்களில் கிடைக்கிறது. 1 லிட்டர் பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய 1 லிட்டர் ஜலத்தில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலம், ஒரு தம்ளர் என்று உத்தேசமாய்க் கலப்பது கூடாது. உப்பு மிஞ்சினால் குழந்தைக்குத் தீங்கு. ஒரு நாள் கழித்து மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். பொட்டலம் கைவசம் இல்லாவிடில், 1 லிட்டர் ஜலத்தில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொடுக்கலாம். அது கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது. உப்பிட்ட புதுக் கஞ்சியும் மிக நல்லது. கடையில் விற்கும் இனிப்புச் சோடாக்கள் உதவா. அவற்றிலுள்ள அதிகச் சர்க்கரை குடலுக்குள் ஜலத்தை இழுத்துப் பேதியை வளர்க்கும்.

இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்டு 10 வயது வரை 100 முதல் 200 மில்லிலிட்டரும், பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும் கொடுக்க வேண்டும். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் புகட்டலாம். தாய்ப்பாலை ஒருபோதும் நிறுத்தலாகாது. குழைந்த சாதம், மோர்ச்சாதம், இட்லி, வாழைப்பழம் முதலியவற்றைக் குழந்தை விரும்பும்போதெல்லாம் கொடுக்கலாம். இத்துடன் டாக்டர் கூறும் ஜிங்க் மாத்திரையை, பேதி நின்ற பிறகும் விடாமல், 10 முதல் 14 நாள் வரை கொடுத்துவந்தால் மறுபடி பேதி வருவது குறைகிறது.

தொக்கம் விழுந்ததென்றும் உரம் விழுந்ததென்றும் சொல்லி ஊர் ஊராய்க் குழந்தையைத் தூக்கிச் செல்வதில் வீணாகும் பொழுதே பெரும் நஷ்டம். பேதியை உடனே கட்டிவிடும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்குக் கொடுப்பது அபாயகரமானது. தண்ணீராய்ப் போகும் சாதாரணப் பேதிக்குக் கிருமிநாசினி மருந்து பெரும்பாலும் வேண்டியதில்லை; சீதபேதிக்கும் காலராவுக்கும் டாக்டர் பார்த்துக் கொடுப்பார். கண்கள் குழிவிழுதல், அழுதால் கண்ணீர் வராமை, நாக்கு உலர்தல், உச்சிக்குழி உள்வாங்குதல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புதல், சிறுநீர் இறங்காமை, மயக்கம் ஆகியவற்றில் எது கண்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், கரைசலைப் புகட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்கு டெலிபோன் செய்தால் வண்டி வரும்.

இனி, கிணற்றைப் பற்றி. பெர்மாங்கனேட்டைப் போட்டுக் கிணற்று ஜலத்தைச் சிவக்கச் செய்யும் பழைய முறை நம்பத்தக்கதன்று எனக் கைவிடப்பட்டது. பிளீச்சிங் பவுடரே ஏற்றது. கிணற்றின் குறுக்களவை மீட்டரில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, ஜலத்தின் ஆழத்தாலும் பிறகு 785-ஆலும் பெருக்கினால் லிட்டர் கணக்கு கிடைக்கும். 2 மீட்டர் குறுக்களவும் 3 மீட்டர் ஆழமும் உள்ள ஜலம் 9,420 லிட்டர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் சுமார் 24 கிராம் பவுடர் தேவை. அதை வாளியில் களியாகக் குழைத்து, முக்கால் வாளி ஜலம் விட்டுக் கலக்கி, 10 நிமிஷம் தெளியவிட்டு, தெளிவை மட்டும் வேறு வாளியில் ஊற்றிக் கிணற்றுள் இறக்கி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். அடியில் நிற்கும் சுண்ணாம்பைக் கிணற்றில் போடலாகாது. 1 மணி நேரம் கழித்தே ஜலம் இறைக்க வேண்டும். ஆகவே இரவில் போடுவது சௌகரியம்.

கூட்டுறவுச் சங்கங்கள் உரமும் விதையும் இருப்பு வைப்பதுபோல், மழைக்கு முன்பே ஓ.ஆர்.எஸ். பொட்டலங்களையும் பிளீச்சிங் பவுடரையும் சிறிதளவு வாங்கி வைக்கலாம், செலவு சொற்பமே. ஆனால் பவுடரை மூட்டையாக வாங்கித் திறந்து போடுவது வீண். காற்றும் ஈரமும் பட்டால் குளோரின் நெடி போய்விடும். நெடியற்ற பவுடரில் மிஞ்சுவது சுண்ணாம்புதான். இறுக மூடிய டப்பாவில், நிழலில் வைத்து, வாங்கிய தேதியை அதன்மேல் எழுதி ஒட்டிவிட வேண்டும். ஒரே தெருவில் இரண்டு வீடுகளில் தண்ணீராய்ப் பேதி கண்டாலும், காரியதரிசி அன்றைக்கே சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் அனுப்புவது நலம். 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டப்படி வாந்திபேதி அறிவிக்கப்படவேண்டிய வியாதியாகும். தகவல் கிடைத்தால் ஆய்வாளர் ஜலத்தைப் பரீக்ஷைக்கு எடுப்பதற்கும், பழுதான குழாயைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கும் அவகாசம் இருக்கும்.