பரணில் தூங்கும் கேசட்... கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரலாமா?

வீடு மாறும்போது பரணிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டின் இறங்கும். திறந்தால் பத்துப் பன்னிரண்டு கேசட்டுகள். சினிமாப் பாட்டு என்றால் கவலையில்லை, இணையத்தில் தேடிக்கொள்ளலாம். 'அம்மா பேசியது', 'சின்னவள், 2 வயசு' என்று பால்பாயின்ட் பேனாவால் எழுதிய கேசட்டுக்கு மட்டும் உலகத்தில் வேறு பிரதியே கிடையாது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள், கடிதத்துக்குப் பதிலாக கேசட்டில் பேசி அனுப்பிய காலம் ஒன்று இருந்ததே!

எங்கள் வீட்டு டின்னில் இருந்தது பாட்டி. 1986-ல் சித்தப்பா பதிவு செய்த 60 நிமிட கேசட். டேப்ரெக்கார்டரின் இயர்போன் துளையில் ஒரு வயரைச் செருகி, மறுமுனையை லேப்டாப்பில் செருகிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். போட்டுக் கேட்டால் மின்விசிறிச் சத்தம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில். பாட்டியைக் காணோம்.

காரணம் எளிது. இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலும் ஒரே ஒரு ஆடியோ துளைதான். மைக் வைத்த ஹெட்செட்டுக்கான துளை அது. சாதாரண வயரைச் செருகினால் 'யாரோ ஹெட்போன் மாட்டியிருக்கிறார்கள்' என்று லேப்டாப் நினைத்துக்கொள்ளும். பதிவு ஆவதெல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே இருக்கும் மைக் வழியாக வருகிற அறைச் சத்தம்தான்.

டெஸ்க்டாப் இருந்தால் வேலை சுலபம். பின்பக்கம் வரிசையாக வண்ணத் துளைகள் இருக்கும். பச்சை, ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு, மைக்குக்கு. நமக்கு வேண்டியது நீலம், அதாவது லைன் இன். பலரும் இளஞ்சிவப்பில் செருகிவிடுவார்கள். மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய மின்சாரம் என்பதால், சவுண்டு கார்டு அதைப் பலமடங்கு பெருக்கும். டேப்ரெக்கார்டரிலிருந்து வருவதோ ஏற்கெனவே பலமாக இருப்பது. அதையும் பெருக்கினால் குரல் கரகரவென்று உடையும். அப்படி உடைந்து பதிவான குரலைப் பிறகு எந்த மென்பொருளாலும் ஒழுங்காக ஒட்டவைக்க முடியாது.

லேப்டாப் மட்டும்தான் இருக்கிறதா? யு.எஸ்.பி-யில் செருகும் வெளி சவுண்டு கார்டு ஒன்று வாங்குங்கள். மலிவான சிலவற்றில் மைக் துளை மட்டுமே இருக்கும். 'லைன் இன்' உண்டா என்று பார்த்து வாங்குவது முக்கியம்.

வயருக்கு அதிகம் அலைய வேண்டாம். இரண்டு முனையும் 3.5 மி.மீ உள்ள ஆக்ஸ் கேபிள் போதும். பெரிய டெக்காக இருந்து, பின்னால் சிவப்பு, வெள்ளைத் துளைகள் இருந்தால், ஒருமுனையில் அந்த இரண்டு ஆர்.சி.ஏ பின்னும் மறுமுனையில் 3.5 மி.மீ பின்னும் உள்ள வயர். இயர்போன் துளையிலிருந்து எடுப்பவர்கள் வால்யூமைக் குறைவாக வைத்துத் தொடங்கி மெள்ள ஏற்றவும்.

உடனே அந்த அருமையான கேசட்டைப் போட்டுவிடாதீர்கள்! பல வருஷம் சும்மா கிடந்த டேப்ரெக்கார்டர் நாடாவைக் கடித்துத் துப்பிவிடும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த காதுக்குச்சியால் ஹெட்டைத் துடைத்துவிட்டு, போனால் போகட்டும் என்கிற ஒரு பாட்டு கேசட்டை முதலில் ஓடவிட்டுப் பாருங்கள். கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிட்டால், கை தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்திப் பாட்டியை அழித்துவிடும் பயம் இல்லை. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே நல்லது. மற்ற கேசட்டுகளை ஒருமுறை முன்னும் பின்னும் சுற்றிவிட்டுப் போட்டால், ஒட்டிக்கிடக்கும் சுற்றுகள் தளரும்.

பதிவு செய்ய ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ரெக்கார்டிங் சாதனமாக லைன் இன் அல்லது யு.எஸ்.பி கார்டைத் தேர்ந்தெடுங்கள். கேசட் ஓடும்போது திரையில் ஒரு பட்டை ஏறி இறங்கும். மிகச் சத்தமான இடத்திலும் அது -6 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள். விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள். அது குரலையே இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடக்கூடும். 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். பல நேரம் அதிலேயே அடங்கிவிடும்.

60 நிமிட கேசட்டுக்கு 60 நிமிடம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. கூடவே உட்கார்ந்து கேளுங்கள்.

சேமிக்கும்போது வேவ் வடிவத்தில் ஒரு பிரதி கட்டாயம். 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. முழு கேசட்டுக்கு 600 எம்.பி-க்குக் கொஞ்சம் மேல். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப எம்.பி.3 போதும். இரைச்சலை நீக்கும் வசதியும் ஆடாசிட்டியில் உண்டு. ஆனால் கொஞ்சம் கூடிப்போனால் குரல் தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல ஆகிவிடும். செய்வதாக இருந்தால் நகலில் செய்யுங்கள். என்னைக் கேட்டால், பின்னணியில் கேட்கும் காக்கையையும் வாளிச் சத்தத்தையும் அப்படியே விட்டுவிடலாம். அந்த வீடும் அதில்தானே இருக்கிறது!

பென் டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். இன்னொரு பிரதி வேறு ஊரில் இருக்கும் உறவினரிடமோ, இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். மாற்றியாகிவிட்டது என்று கேசட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

சத்தம் நின்றதும் பதிவை நிறுத்திவிடவும் கூடாது. இரண்டாவது முறை நீலத் துளையில் செருகிப் பதிவு செய்தபோது, 'பி' பக்கத்தில் பாதிக்கு மேல் வெறும் 'சர்ர்ர்' தான். போதும் என்று எழுந்துவிட்டேன், நிறுத்தத்தான் மறந்துபோனேன். கடைசி இரண்டு நிமிடத்தில் பாட்டி திரும்ப வந்து, "ஏன்டா, இது இன்னும் ஓடுதா?" என்று கேட்கிறாள்.