கறவை மாடுகளிற் கருச்சிதைவு நோயைச் சோதித்தறிதல்

சினைப்பசுவொன்று ஐந்தாம் மாதத்தின் பின் கன்றை வீசிவிட்டால், அது வழுக்கி விழுந்ததென்றோ, வேறொரு மாடு முட்டியதென்றோ, நாவூறு பட்டதென்றோ உடையவர் எண்ணி அமைவது வழக்கம். முட்டியதும் உண்மையாக இருக்கலாம். ஆயினும், 1897 இல் தென்மார்க்கு நாட்டு மிருக வைத்தியர் பேண்காட்டு பாங்கு என்பவர் கண்டறிந்த புரூசெல்லா எனும் பற்றீரியாவும் இதற்குக் காரணமாகலாம். இக்கிருமி இளங்கொடியிலும் கருநீரிலும் மிகுதியாக வெளிப்படும். அவற்றை நக்கும் பிற பசுக்களையும், வெறுங்கையால் அகற்றுவோரையும், காய்ச்சாத பாலைக் குடிப்போரையும் அது பற்றும். மனிதரில் இது ஏறியிறங்கும் நெடுங்காய்ச்சலாக வரும்.

ஒருமுறை கன்றை வீசிய பசு மறுமுறை ஒழுங்காக ஈன்று, பார்வைக்கு நல்ல பசுவாகவே நிற்கும். ஆதலின் கண்ணால் நோயை அறிதல் இயலாது. இரத்தத்தைச் சோதித்தே அறிதல் வேண்டும்.

கிருமி உட்புகுந்ததும் அதனைப் பற்றிப் பிடித்தற்குரிய பிறபொருளெதிரி எனும் புரதங்களை உடல் ஆக்குகின்றது. பூட்டுக்கேற்ற திறப்பைப் போல, அவை தமக்குரிய கிருமியின் மேற்பரப்பிற் பொருந்தும். ஒவ்வொன்றிற்கும் பிடிக்கும் கைகள் இரண்டேனும் உண்டு. ஒரு கை ஒரு கிருமியையும் மறு கை இன்னொன்றையும் பிடிப்பதால், கிருமிகள் திரண்டு கட்டியாகின்றன. உரோசு பெங்கால் சோதனை இத்திரட்சியையே காட்டுவது. சாயமூட்டிய இறந்த கிருமிகளில் ஒரு துளியையும், பசுவின் இரத்த நீர்ப்பாயத்தில் அதே அளவையும் வெண்டட்டிற் கலந்து, 4 நிமிடம் மெல்ல அசைப்பர். மணிமணியாகத் திரண்டால் ஐயத்துக்குரியது. சுகமான மாடுகளிலும் தளர்வாக ஒட்டும் சில பிறபொருளெதிரிகள் உண்டு. அவை ஏமாற்றாதிருத்தற்கே இக்கரைசல் பீ.எச். 3.65 அளவிற்கு அமிலமாக்கப்பட்டுள்ளது. அவ்வமிலத்தில் தளர்ந்த பிடி பெரும்பாலும் விட்டுவிடும்.

பட்டி முழுவதையும் விரைவாகப் பார்ப்பதற்குப் பால் வளையச் சோதனை உண்டு. திரண்ட கிருமிகள் கொழுப்புத் துணிக்கைகளுடன் மேலெழுந்து ஆடையில் நிறவளையம் இடும். கடும்புப் பாலும் மடியழற்சியுற்ற பசுவின் பாலும் பொய்வளையம் காட்டுமாதலால், அவற்றைக் கலத்தல் ஆகாது.

ஒரே பசுவின் பாலால் வாழும் குடும்பத்திற்குத் தவறான முடிவு பேரிழப்பாகும். எஸ் 19 எனும் தடுப்பு மருந்து ஏற்றப்பட்ட நாகின் இரத்தமும் சிலவேளை திரளும். இவ்விடத்துப் போட்டி முறை எலைசா எனும் சோதனை உதவுகின்றது. கிருமியின் பொருள் பூசிய சிறு குழிகளில், பசுவின் நீர்ப்பாயத்துடன், நொதியம் பிணைத்த ஆய்வுகூடப் பிறபொருளெதிரியையும் இடம்பிடிக்க விடுவர். நோயுற்ற பசுவின் பிறபொருளெதிரி இறுகப் பற்றுவதால் மற்றதற்கு இடமில்லை, நிறம் தோன்றாது. தடுப்பு மருந்தால் உண்டானது பெரும்பாலும் தளர்ந்த பிடியுடையதாகையால் தள்ளுண்டு போக, நிறம் தோன்றும். இதுவும் முற்றாகப் பிழையற்றதன்று. எனவே மருந்து ஏற்றிய தேதியை எழுதிவைத்து மிருக வைத்தியரிடம் கூறுதல் அவசியம்.

தொற்றிய தொடக்க நாட்களிலும், கன்று ஈனும் காலத்தை அடுத்தும், பிறபொருளெதிரி அறியமுடியாத அளவிற்குக் குறைந்திருக்கலாம். அவ்வேளையிற் கிடைத்த நல்ல முடிவை நம்பிவிடாது, சில கிழமைகளின் பின் மீண்டும் இரத்தம் கொடுத்தல் வேண்டும். முடிவு வரும்வரை அப்பசுவைத் தனியே கட்டுக, விற்றல் ஆகாது. பாலை நன்கு காய்ச்சியே பருகுக. இளங்கொடியையும் வீசிய கன்றையும் கையுறையணிந்து எடுத்து, நாய் கிளறாதபடி ஆழக் குழியிற் சுண்ணாம்பிட்டுப் புதைத்தல் வேண்டும்.