உபகாரச் சம்பள மனுவும் அதற்குரிய விடையும்

உபகாரச் சம்பளம் கோரும் மனுக்களில், இவ்வுதவி ஏன் அளிக்கப்பட வேண்டும் என்னும் வினா பெரும்பாலும் இடம்பெறும். விஞ்ஞானத்தில் ஆர்வம் உண்டு, குடும்பம் வறியது என்பவை உண்மையே ஆயினும், அவை மட்டும் ஒரு மாணவரைப் பிறரினின்று வேறுபடுத்திக் காட்டமாட்டா.

சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச இராமானுஜன், 1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். தம் பதவியையும் ஆண்டுக்கு 20 பவுன் ஊதியத்தையும் சுருங்கக் கூறினார். உடன் அனுப்பிய தாள்களை நிரப்பியவை அவர் கண்ட தேற்றங்களே. அவர் ஆராய்ச்சியைப் பார்வையிட்ட வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கரும் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். அவ்வாண்டே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் வீதம் ஈராண்டுக்கு உபகாரச் சம்பளம் வழங்கியது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கை அளிக்குமாறும் பணித்தது.

இம்முறை எவ்வூர் மாணவர்க்கும் பொருந்தும். அந்தமானின் சாத்தம் தீவில் 1883-இல் நிறுவப்பெற்ற மர அறுவை ஆலை உண்டு. அவ்வூர் மாணவர், "மரவியல் பயில விரும்புகிறேன்" என்று எழுதலாம். "படாக், குர்ஜன் மரத்துண்டுகளை மழைக்காலத்தில் வாரந்தோறும் நிறுத்து, அவை ஈரம் ஏற்கும் அளவைக் குறித்தேன், காரணம் அறியப் பயிற்சி தேவை" என்பது அதனினும் வலிமை மிக்கது. ஆனால் உண்மையில் செய்ததையே எழுதுதல் வேண்டும். பின்னர், வேண்டும் தொகை, அதன் பயன், முடிக்கும் காலம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறித்தல் நன்று. வறுமை தேவையை உணர்த்தும். செய்த வேலையே தகுதியை நிலைநாட்டும்.